ஹம்மிங் பாடியது யார்

அண்ணன் வண்டி ஓட்டினால் அண்ணிதான் வழி சொல்ல வேண்டும். இது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அண்ணி "இடது பக்கம்" என்று சொல்லும்போது அவள் கை வலது பக்கம் நீளும். காதை நம்புவதா கண்ணை நம்புவதா என்று அண்ணன் முடிவு செய்வதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருக்கும். போதாக்குறைக்குப் போன் மேப்பில் இன்னொரு பெண் வேறு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் பைகளுக்கு நடுவே நான். ஒரே ரவுண்டானாவைத் திரும்பத் திரும்பச் சுற்றியதில் நடுவே நின்ற குதிரைச் சிலைக்கே எங்கள் முகம் பழகியிருக்கும்.

"ஏம்மா, வலதா இடதா?"

"இடதுன்னுதானே சொன்னேன்?"

"கை அந்தப் பக்கம் போச்சே!"

"கையை ஏன் பாக்கறீங்க? ரோட்டைப் பாருங்க."

இப்படியாகத்தான் எங்கள் பாட்டுப் பயணம் தொடங்கியது. அண்ணி இளவயதில் சினிமாப் பாட்டுகளுக்குக் கோரஸ் பாடியவள். அவள் பாடிய ஸ்டூடியோவை இப்போது மியூசியமாக்கிவிட்டார்கள். அங்கே வரச் சொல்லி அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. போகிற வழியில் அவளைப் பாட வைத்த இசையமைப்பாளர் வாழ்ந்த வீடு, பழைய இசை அரங்கம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று அண்ணன் திட்டம் போட்டான். அவன் கட்டட வரைபடம் போடுகிறவன். வளைவும் தூணும் கண்ணில் பட்டால் பசி தாகம் தெரியாது. அலுவலகத்தில் அவனுக்கு 'வளைவு' என்றே பட்டப்பெயர். ஆகவே பாட்டுக்கு ஒரு நிறுத்தம் என்றால் பழைய கட்டடத்துக்கு இரண்டு நிறுத்தம் என்று ஆகிவிட்டது. நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, சும்மா ஊர் சுற்றக் கூப்பிட்டால் கசக்குமா?

அண்ணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் மெஷின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் வளர்ந்தவள். கீழே மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பி எழுப்பியே குரல் பழகியது என்பாள். பள்ளிக்கூட விழாவில் அவள் பாட்டைக் கேட்ட யாரோ ஸ்டூடியோவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோரஸ் வேலை என்றால் ஏதோ கூட்டத்தோடு கோவிந்தா போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லையாம். வளையல் போடக்கூடாது. சரசரக்கும் துணி கட்டக்கூடாது. தாளைத் திருப்பினால் மைக்கில் சத்தம் விழும் என்பதால் பாட்டுத் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஸ்டாண்டில் பரப்பி வைக்க வேண்டும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பக்கத்தில் நிற்பவளின் குரலோடு தன் குரல் கரைந்துபோக வேண்டும், அதுதான் முக்கியம். ஒருத்தியின் குரல் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்டால், "யாரும்மா அது? ஓரடி பின்னால போ" என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டல் வரும். அண்ணியை ஒருநாளும் யாரும் பின்னால் போகச் சொன்னதில்லை. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. நன்றாகப் பாடுகிறாள் என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருப்பதே தெரியவில்லை என்று பெயர் வாங்கிப் பூரித்துப்போனவளாக அண்ணி ஒருத்தியைத்தான் பார்த்தேன்.

அவளோடு ஒரே மைக்கில் நின்றவளுக்கு 'ஊசி' என்று பெயர். ஒல்லியாக இருந்ததால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். இரண்டு பேர் குரலும் ஒட்டிப் பிறந்தது போல இருக்கும். ஒருநாள் இசையமைப்பாளர் இரண்டு பேரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, வார்த்தை எதுவும் இல்லாத ஒரு நீண்ட ஹம்மிங்கைப் பாட வைத்தார். ஒரு பாட்டின் தொடக்கத்தில் வர வேண்டியது அது. ஊசியும் பாடினாள், அண்ணியும் பாடினாள். பாட்டில் யாருடையதை வைத்துக்கொண்டார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கிற வழக்கமும் கிடையாது.

அந்தப் பாட்டு எங்கு பார்த்தாலும் ஒலித்தது. அப்போது அண்ணன் ஒரு சலூனுக்கு மேலே வாடகை அறையில் இருந்தான். கீழே ரேடியோவில் அந்த ஹம்மிங் வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். பாட்டு அவனுக்கு முக்கியமில்லை. ஹம்மிங் முடிந்ததும் மறுபடி கோடு போட ஆரம்பித்துவிடுவான். கடைசியில் பைத்தியம் முற்றி, பாடியது யார் என்று விசாரித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கே போய்விட்டான். அங்கிருந்த மேனேஜர், "ரெண்டு பொண்ணுங்க பாடினாங்கப்பா" என்று சொல்லி, தனக்கு நினைவிலிருந்த ஒரு விலாசத்தைக் கொடுத்தார். தையல் மெஷின் கடை மாடி. அண்ணன் போய்க் கதவைத் தட்ட, அண்ணி திறந்தாள்.

"நீங்கதானே அந்த ஹம்மிங் பாடினது?"

"ஆமா, நான் பாடினேன். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அண்ணன் காதில் ஏறவில்லை. அடுத்த வருடம் கல்யாணம். கொஞ்ச காலத்தில் ஸ்டூடியோ வேலை குறைந்துபோக, அண்ணி ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். "எந்த வார்டு வேணும்?" என்று அவள் கேட்டால், ரெக்கார்டு செய்து வைத்த குரல் என்று நினைத்து எதிர்முனையில் பதில் சொல்லாமல் காத்திருப்பார்களாம். அதையும் அவள் பெருமையாகத்தான் சொல்வாள்.

இசையமைப்பாளரின் வீட்டில் கயிற்றுக்கு அப்பால் ஒரு பியானோவும் ஒரு நாற்காலியும் இருந்தன. அண்ணி வெகுநேரம் பியானோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த உத்தரம் பிற்காலத்தில் மாற்றியது என்று காவலாளியிடம் வாதம் வேறு. அடுத்து, இசை அரங்கம் என்று நினைத்துத்தான் ஓரிடத்துக்குப் போனோம். ஆனால் உள்ளே நுழைந்து அரைமணி நேரம் கழித்து, அது பழைய நீதிமன்றம் என்று தெரிந்தது. அரங்கம் பக்கத்துத் தெருவாம். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "வந்தது வந்துட்டோம், இந்தக் குவிமாடத்தைப் பாருங்க" என்று கழுத்து வலிக்க மேலே பார்த்தபடி எங்கோ போய்விட்டான்.

எனக்குக் கால் வலித்தது. குவிமாடத்துக்குக் கீழே வட்டச் சுவரை ஒட்டி ஒரு கல் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தேன். காதுக்குள் அண்ணியின் குரல் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. எதிர்ப்பக்கம், அவ்வளவு தூரத்தில், அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். வளைந்த சுவர் அவள் முணுமுணுப்பைச் சிந்தாமல் சிதறாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

"அழாத கண்ணு. உங்கம்மா உன்கிட்ட பொய் சொல்லியிருக்க மாட்டா. ஆனா நானும் பாடினேன் இல்லையா? கேட்டாத்தான் தெரியும். கேட்டுட்டு, அது உங்கம்மாவா இருந்தா உங்கம்மான்னுதான் சொல்லுவேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். பிறகு, "அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது" என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுந்து நேராக அவளிடம் போனேன்.

"யார்கிட்ட பேசினீங்க அண்ணி?"

"உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"அதை உங்க புருஷன்கிட்ட கேளுங்க, வளைவுக்கு அவன்தான் அதிகாரி. யார் அந்தக் கண்ணு?"

ஊசியின் மகளாம். ஊசி போன மாதம் இறந்துபோனதை அண்ணி எங்களிடம் சொல்லியிருந்தாள். சொல்லாதது வேறு. அந்தப் பாட்டின் ஒரிஜினல் டேப் கிடைத்திருக்கிறது. ஹம்மிங் பாடியவரின் பெயரை மியூசியச் சுவரில் பொறிக்கப் போகிறார்கள். அது தான்தான் என்று ஊசி தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். அன்று அதைப் பாடிய இருவரில் உயிரோடு இருப்பது அண்ணி மட்டும். அவள் யார் பெயரைச் சொல்கிறாளோ அந்தப் பெயர்தான் சுவரில் ஏறும். அண்ணனோ, தன் பெண்டாட்டியின் பெயரைப் பொறிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு, புதுச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தான்.

"நீங்க என்ன நினைக்கறீங்க? அது உங்க குரலா, இல்லையா?"

"தெரியலையே. ரேடியோவில கேக்கும்போது சில நாள் நான்தான்னு தோணும். சில நாள் அவளோன்னு தோணும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னுதானே அவ்வளவு பாடுபட்டோம்?"

"அவ குரலா இருந்தா?"

அண்ணி குவிமாடத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே அண்ணன் வாயைப் பிளந்தபடி மெல்லச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"அந்தக் குரலைக் கேட்டுத்தானே அவர் என் வீட்டுக்கு வந்தாரு?" என்றாள். "அது நான் இல்லேன்னா நான் அவருக்கு யாரு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் குடும்பம் நடத்திவிட்டுப் பேசுகிற பேச்சா இது? திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தையை முழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஸ்டூடியோவுக்குப் போனோம். பழைய காலத்து மாளிகை ஒன்றில்தான் அந்த ஸ்டூடியோவே இருந்திருக்கிறது. கட்டியவன் இடது பக்கம் என்ன வைத்தானோ அதையே வலது பக்கமும் வைத்திருக்கிறான். அதே படிக்கட்டு, அதே நடை, அதே கதவு. "எப்பேர்ப்பட்ட சமச்சீர் பார்த்தியா!" என்று அண்ணன் மெய்மறந்தான். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. ஒலிக்கூடத்தைத் தேடி ஏறி, அது எதிர்ப்பக்கத்துப் படி என்று இறங்கி, மறுபடி ஏறினோம். இரண்டாவது தடவை ஏறியதும் எந்தப் படி என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

மியூசியத்தின் பொறுப்பாளர் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடி அடிக்கடி நழுவி இறங்க, அதைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே பேசினார். ஃப்ரேம் ஒரு அளவு பெரிது என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அது அதற்கான நேரமில்லை. அவர் அண்ணியை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டார். எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது.

"வாத்தியங்கள் எல்லாத்தையும் எடுத்துட்டோம்மா. ஹம்மிங் மட்டும்தான் இருக்கும். நல்லா கேட்டுட்டுச் சொல்லுங்க. அவசரமில்லை."

குரல் வந்தது. வயலின்கள் எதுவும் இல்லாமல் அதைக் கேட்டபோது எனக்கே சிலிர்த்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். எங்கள் கடையில் லென்ஸ் மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, முன்னாடி வச்சது தெளிவா?" என்று கேட்கும்போது, ஒரு கட்டத்தில் சிலர் குழம்பிப்போய் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அண்ணியும் அப்படித்தான் விழிப்பாள் என்று நினைத்தேன். அவள் விழிக்கவில்லை. குரல் தொடங்குவதற்கு முன்பே, முதல் நொடியிலேயே, அவள் கை ஹெட்போனை இறுகப் பிடித்தது.

"இன்னொரு தடவை" என்றாள்.

இன்னொரு தடவை ஓடியது. இப்போது நானும் உன்னிப்பாகக் கேட்டேன். குரலுக்குச் சற்று முன்னால், நாக்கை மேலண்ணத்திலிருந்து எடுப்பது போல, 'ச்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"ஆரம்பத்துல கொஞ்சம் நாய்ஸ் இருக்கு, அதைக் கண்டுக்காதீங்க" என்றார் பொறுப்பாளர் அம்மா. "நாளைக்குச் சுத்தம் பண்ணிடுவோம்."

"வேணாம்மா, அதை எடுத்துடாதீங்க" என்றாள் அண்ணி. "அது நாய்ஸ் இல்லை. ஊசி. பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவ அப்படித்தான் நாக்கைச் சப்புக் கொட்டுவா. எவ்வளவோ திட்டியிருக்கேன், மைக்குல விழும்டி விழும்டின்னு. கேக்கவே மாட்டா."

அந்தச் சத்தத்துக்குப் பொருள் தெரிந்தவள் இந்த உலகத்தில் அண்ணி ஒருத்திதான். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாளைக்கு அதையும் துடைத்துப் போட்டிருப்பார்கள். சுவரில் அவள் பெயர் ஏறியிருக்கும். கேள்வி கேட்க ஒரு நாதி இல்லை. அவள் அதை ஒரு கணம்கூட யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

"இது நான் இல்லைம்மா. அவ பேரைப் போட்டுக்கோங்க."

அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "என்னம்மா உளர்ற?" என்று எழுந்தான். பொறுப்பாளர் அம்மாவிடம், "இவளுக்கு உடம்பு அசதி, ரெண்டு நாளா வண்டியில வந்திருக்கா, நாளைக்குச் சொல்லச் சொல்றேன்" என்றான். "நாக்குச் சத்தமெல்லாம் எல்லாருக்கும்தான் வரும்" என்றான். "நான் தினம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?" என்றான். அண்ணி மறுபடி போடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஊசி இறந்த சேதி வந்த அன்று அவள் அழுது நான் பார்க்கவில்லை. அண்ணன் அவளையே பார்த்தபடி நின்றான். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

அவனைத் தேடி நான் ஒரு பக்கத்து மாடியை முழுக்க அலசிவிட்டு, ஆளைக் காணாமல் எதிர்ப்பக்கம் போனேன். அந்தப் பக்கத்துப் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை கசங்கியிருந்தது.

"என்ன இங்க வந்து உக்காந்திருக்க? அண்ணி அங்க அழுதுட்டு இருக்காங்க."

"எனக்கு ஒண்ணும் புரியலை" என்றான். "நான் அந்தக் குரலுக்காகத்தானே போனேன்? அப்போ எல்லாமே... எப்படிச் சொல்றது... எனக்குத் தலை சுத்துது."

"குரல் அவங்களுது இல்லேன்னா இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?"

"உனக்குப் புரியாது."

"புரியறமாதிரி நீ சொன்னாத்தானே?"

படிக்கு மேலே காலடி கேட்டது. அண்ணி எப்படியோ சரியான படிக்கட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தாள். இரண்டு படி மேலேயே நின்றுகொண்டாள்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றாள். "நீங்க கேக்கலை. அப்புறம் எனக்கும் தைரியம் வரலை. அப்ப ஊசிக்கும் கல்யாணம் ஆகலை. அந்த மேனேஜர் அவ விலாசத்தைக் கொடுத்திருந்தா நீங்க அவ வீட்டுக்குத்தானே போயிருப்பீங்க?"

இந்த இடத்தில் எந்தப் புருஷனும் பொய் சொல்வான். சொல்ல வேண்டும். நான் அவன் முதுகில் விரலால் குத்தினேன். அவனோ உண்மையாகவே யோசித்தான்.

"போயிருப்பேன்" என்றான்.

எனக்கு அவனை அப்படியே படியில் உருட்டிவிடலாம் போல இருந்தது. அண்ணி தலையை ஆட்டினாள். இறங்கி வந்து அதே படியில், அவனைத் தொடாமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தட்டினாள்.

"கண்ணு, நான்தான். கேட்டுட்டேன். உங்கம்மாதான். சந்தேகமே இல்லை. பேரைப் போடச் சொல்லிட்டேன்... அழாத... ஆமா, ரொம்ப நல்லாப் பாடியிருக்கா."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கையை நீட்டினான்.

"போனைக் குடு."

"எதுக்கு?" அண்ணி பயந்துபோய் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"குடும்மா."

வாங்கிக் காதில் வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"அம்மாடி, நான் இவங்க வீட்டுக்காரர் பேசறேன். உங்கம்மா பாட்டைக் கேட்டுட்டுத்தான் நான் தப்பான வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்க இவ இருந்தா. உங்கம்மா அன்னிக்கு அப்படிப் பாடலேன்னா நான் ரூமை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன். இவ எனக்குக் கிடைச்சிருக்கவே மாட்டா. உங்கம்மா உயிரோட இருக்கறப்பவே வந்து நன்றி சொல்லியிருக்கணும். அவங்கதான்னு எனக்குத் தெரியாமப் போச்சும்மா."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அங்கிள், நீங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலை" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"எனக்கும்தாம்மா" என்றான் அண்ணன். அவன் குரல் உடைந்துவிட்டது.

அண்ணி போனை வாங்கப் பார்த்தாள். வாங்கியும் பேச முடியவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் போனை என்னிடம் நீட்டினாள். பொத்திய கைக்குள் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் இருவரையும் அங்கேயே விட்டுவிட்டு, நான் நாலு படி கீழே இறங்கிப்போய், அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.